தொழுவத்திலும் கடலிலும் ஒரே கிருமி

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி எழுதியது)

முன்னுரை

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி எழுத எங்கள் ஊர்ப் பெண்ணுக்குத் தயக்கம் வேண்டியதில்லை. பூசலார் நாயனார் ஒரு கல்லும் இல்லாமல் மனத்திற்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் அல்லவா திருநின்றவூர்! நான் எடுத்துக்கொண்ட பொருளும் கண்ணுக்குப் புலப்படாததுதான். ஆனால் அது கட்டுவதில்லை, கலைக்கிறது. பசுவின் வயிற்றில் வளரும் கன்றைக் கலைக்கிறது. மனிதனின் உடல்நலத்தைக் கலைக்கிறது. நடுக்கடலில் நீந்தும் ஓங்கில் மீனின் குட்டியையும் கலைக்கிறது. (ஓங்கிலை மீன் என்று சொல்வது வழக்கமே தவிர, அது மீன் அன்று, நம்மைப் போலக் குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி.) இம்மூன்று வேலைகளையும் செய்யும் பாக்டீரியாப் பேரினத்தின் பெயர் புரூசெல்லா.

சென்ற ஆண்டுவரை நான் இப்பெயரைக் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டுத் தொழுவம்தான் இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பசு இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டு சந்தையில் வாங்கியது. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கொண்டிருந்த ஓர் இரவில், ஏழு மாதச் சினையாக இருந்த செவலை கன்றை வீசிவிட்டது. கன்று உயிரோடு இல்லை. நஞ்சுக்கொடியும் விழவில்லை. அப்பா லாந்தர் வெளிச்சத்தில் வெறுங்கையாலேயே எல்லாவற்றையும் பார்த்தார். கன்றை ஏரிக்கரை ஓரத்தில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, காலை ரயிலுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

"எந்தப் பாவி கண்ணு பட்டுதோ!" என்று ஆயா தொழுவத்து வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார்.

மூன்று வாரம் கழித்து அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பகலில் நன்றாக இருப்பார். மாலையில் குளிர் நடுக்கும். இரவில் தலையணை நனையும்படி வியர்க்கும். இடுப்பும் முழங்காலும் வலித்தன. ஓர் இடத்தில் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். பத்து நாள் நின்ற காய்ச்சல் மீண்டும் வந்தது. இன்னோர் இடத்தில் வேறு மருந்து. மறுபடியும் நின்றது, மறுபடியும் வந்தது. தை மாதத்திற்குள் அப்பாவின் சட்டைகள் எல்லாம் தொளதொளத்துப் போயின. வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. என் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டதை நான் கேட்டேன்.

கடைசியாகச் சென்னையில் ஒரு மருத்துவர், அப்பாவின் நாடியைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டில் மாடு இருக்கிறதா? அண்மையில் கன்று போட்டதா?" அம்மா நடந்ததைச் சொன்னார். இரத்தத்தைச் சோதித்தார்கள். அப்பாவுக்கு வந்திருந்தது புரூசெல்லோசிஸ். செவலைக்கு வந்ததும் அதுவே. நம் நாட்டுக் கால்நடைத் துறையினர் அதைக் கன்று வீச்சு நோய் என்பர்.

அதன் பிறகு எங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தின் டாக்டர் அம்மா வீட்டிற்கு வந்து செவலையின் இரத்தத்தை எடுத்தார். நான் அவரைக் கேள்விகளால் துளைத்தேன். போகும்போது அவர், "உனக்கு ஒரு செய்தி சொல்கிறேன், பாப்பா. உங்கள் தொழுவத்தில் இருக்கும் இந்தக் கிருமியின் உடன்பிறப்பு திமிங்கலத்திடமும் இருக்கிறது, போய்ப் படித்துப் பார்" என்றார். படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மால்ட்டாத் தீவின் காய்ச்சல்

மத்தியதரைக் கடலில் மால்ட்டா என்று ஒரு சிறு தீவு உண்டு. புனித சின்னப்பர் கப்பல் உடைந்து கரை சேர்ந்த தீவு என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த ஆங்கிலேயப் படைவீரர்கள் மாதக்கணக்கில் ஒரு காய்ச்சலால் அவதிப்பட்டனர். கடல் அலைபோல் எழுந்தும் தணிந்தும் வந்ததால் அதை அலைக் காய்ச்சல் என்றும், மால்ட்டாக் காய்ச்சல் என்றும் அழைத்தனர். கிரிமியப் போரில் தொண்டு செய்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிற்காலத்தில் நெடுநாள் படுக்கையில் இருந்ததற்கும் இந்நோயே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், இறந்த வீரர்களின் மண்ணீரலிலிருந்து 1887-ஆம் ஆண்டில் இக்கிருமியைப் பிரித்தெடுத்தார். அவருடைய மனைவி மேரியும் ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் துணையாக உழைத்தார். கிருமி கிடைத்துவிட்டது, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியவில்லை. 1905-இல் மால்ட்டாவைச் சேர்ந்த தெமிஸ்டாக்ளிஸ் ஜம்மிட் என்ற மருத்துவர் அத்தீவின் ஆடுகளைச் சோதித்தார். எந்த நோயும் இல்லாதவைபோல் துள்ளித் திரிந்த ஆடுகளின் இரத்தத்தில் நோயின் அடையாளம் இருந்தது. பாலிலும் கிருமி இருந்தது. அந்நாளில் ஆட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து கறந்து கொடுப்பார்கள். அதை அப்படியே குடிப்பார்கள். 1906-இல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சலும் மளமளவென்று குறைந்தது.

இதற்கிடையில், 1897-இல் டென்மார்க் நாட்டில் பெர்ன்ஹார்டு பாங்கு என்ற கால்நடை மருத்துவர், பசுக்கள் கன்று வீசுவதற்குக் காரணமான ஒரு கிருமியைக் கண்டறிந்திருந்தார். ஆட்டுக் கிருமி வேறு, மாட்டுக் கிருமி வேறு என்றே எல்லாரும் எண்ணினர்.

ஒரு பெண்மணியின் சொல்

தோழியரே, இவ்விடத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1881-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆலிஸ் ஈவான்ஸ். முதலில் பள்ளி ஆசிரியையாக இருந்தார். பின்னர் நுண்ணுயிரியல் படித்து, அரசின் பால்வள ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவரிடம் டாக்டர் பட்டம் இல்லை. அவர் செய்தது எளிய காரியம். ஆட்டுக் கிருமியையும் மாட்டுக் கிருமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. ஒன்றைக் கண்டவர் மனிதர்களின் மருத்துவர். மற்றதைக் கண்டவர் கால்நடைகளின் மருத்துவர்.

இரண்டும் மிக நெருங்கிய உறவுடையவை என்று அவர் 1917-இல் அறிஞர் கூட்டத்தில் கூறினார். 1918-இல் கட்டுரையாக வெளியிட்டார். அப்படியானால் காய்ச்சாத பசும்பால் மனிதருக்கு ஆபத்தானது என்றும் எச்சரித்தார். யாரும் நம்பவில்லை. அது உண்மையானால் பெரிய அறிஞர்கள் இதற்கு முன்பே கண்டுபிடித்திருக்க மாட்டார்களா என்று கேட்டனர். பால் வியாபாரிகளுக்கும் அவருடைய பேச்சு பிடிக்கவில்லை.

ஆனால் மற்ற ஆய்வுக்கூடங்களிலும் அதே முடிவு வந்தது. 1920-இல் இக்கிருமிகள் அனைத்தையும் ஒரே பேரினத்தில் சேர்த்து, டேவிட் புரூஸின் நினைவாகப் புரூசெல்லா என்று பெயர் வைத்தனர். 1922-இல் ஆய்வு செய்துகொண்டிருந்தபோதே ஈவான்ஸ் அம்மையாருக்கும் அந்நோய் தொற்றியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது அவரை விட்டும் தொட்டும் வாட்டியது. எல்லாம் மனக்கற்பனை என்று சொன்ன மருத்துவர்களும் உண்டு. 1928-இல் அமெரிக்க பாக்டீரியா இயல் சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்பதவியை அடைந்த முதல் பெண்மணி அவரே. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கிய பின்பே விற்க வேண்டும் என்னும் விதிகள் 1930-களில் அந்நாட்டில் பரவின. 1975-இல் தம் 94-ஆம் வயதில் அவர் மறைந்தார். எங்கள் அம்மா தினமும் பால் பொங்கி வரும்வரை அடுப்படியில் நிற்கும்போது எனக்கு ஆலிஸ் ஈவான்ஸ் நினைவுதான் வருகிறது.

கிருமியின் இயல்பு

புரூசெல்லா மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவே இருக்கும். குட்டையான கோல் வடிவம் உடையது. தானாக நகர்வதில்லை. இருப்பினும் அதன் தந்திரம் பெரிது.

நம் உடலில் கிருமி நுழைந்தால் வெள்ளை அணுக்கள் அதை விழுங்கிச் செரித்துவிடும் என்று அறிவியல் பாடத்தில் படித்தோம். புரூசெல்லாவை விழுங்கினால் அது செரிப்பதில்லை. விழுங்கிய அணுவுக்குள்ளேயே தங்கிப் பெருகுகிறது. காவல்காரனின் சட்டைப் பைக்குள் திருடன் ஒளிந்திருப்பதைப் போன்றது இது. அந்த அணுக்களிலேயே பயணம் செய்து மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை, மூட்டு ஆகிய இடங்களை அடைகிறது. இதனால்தான் காய்ச்சல் நின்றதுபோல் நின்று மீண்டும் வருகிறது. இதனால்தான் அப்பாவுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் விடாமல் கொடுத்தார்கள். நடுவில் நன்றாகிவிட்டது என்று நிறுத்தினால் ஒளிந்திருப்பவை மீண்டும் கிளம்பும்.

சினைப் பசுவின் கருப்பையில் எரித்ரிட்டால் என்னும் சர்க்கரை போன்ற பொருள் இருக்கிறது. புரூசெல்லாவிற்கு அது விருந்து. எனவே அங்கே கோடிக்கணக்கில் பெருகி, தாய்க்கும் கன்றுக்கும் உள்ள தொடர்பைக் கெடுக்கிறது. பெரும்பாலும் சினையின் பிற்பகுதியில், ஐந்தாம் மாதத்திற்குப் பின், கன்று வீசப்படுகிறது. அப்போது வெளிவரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி நிறைந்திருக்கும். கையில் சிறு கீறல் இருந்தாலும் போதும்; உள்ளே நுழைந்துவிடும். அப்பாவுக்கு நேர்ந்தது அதுவே.

இப்பேரினத்தில் ஆட்டில் வாழ்வது ஒன்று, மாட்டில் வாழ்வது ஒன்று, பன்றியில், நாயில் என்று வேறு சில. நெடுங்காலம் வரை இவை எல்லாம் தரைவாழ் விலங்குகளுக்கே உரியவை என்று அறிஞர்கள் நம்பினர்.

கடலிலும் அதுவே

1994-ஆம் ஆண்டு அந்நம்பிக்கை உடைந்தது. ஸ்காட்லாந்து நாட்டுக் கரையில் ஒதுங்கிய சீல்கள், ஓங்கில், கடற்பன்றி ஆகியவற்றின் உடல்களைச் சோதித்த அறிஞர்கள் அவற்றில் புரூசெல்லாவைக் கண்டனர். அதே ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் ஓங்கில் வீசிய குட்டியிலிருந்தும் புரூசெல்லா பிரித்தெடுக்கப்பட்டது. கன்று வீச்சு நோய் கடலுக்குள்ளும் இருக்கிறது! பின்னர் வேறு ஓங்கில்களின் நஞ்சுக்கொடியிலும் இக்கிருமியையும் அது செய்த புண்ணையும் பார்த்தனர். எங்கள் தொழுவத்தில் நடந்தது எதுவோ, அதுவே நீருக்கடியிலும் நடந்திருக்கிறது. அங்கே லாந்தர் பிடிக்க யாரும் இல்லை, அவ்வளவுதான்.

2007-இல் இக்கடற்கிருமிகள் இரண்டு தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டுப் பெயர் பெற்றன. ஓங்கில், திமிங்கலம், கடற்பன்றி ஆகியவற்றில் வாழ்வது புரூசெல்லா சீட்டி. சீட்டி என்பது திமிங்கலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சீல் வகைகளில் வாழ்வது புரூசெல்லா பின்னிபீடியாலிஸ். துடுப்புக் கால் உடையவற்றைச் சேர்ந்தது என்று பொருள்.

கடல் விலங்குகளை இக்கிருமி பல வகையில் தாக்குகிறது. கரு கலைவது ஒன்று. மூளையிலும் மூளை உறையிலும் அழற்சி உண்டாவது மற்றொன்று. மூளை தாக்கப்பட்ட ஓங்கில் நேராக நீந்த முடியாமல் தள்ளாடி, திசை தெரியாமல் கரையேறிவிடும். கோஸ்டா ரிகா நாட்டின் கரையில் இவ்வாறு ஒதுங்கிய வரி ஓங்கில்களின் மூளைத் தண்டுநீரில் புரூசெல்லா இருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. கடற்பன்றியின் நுரையீரலில் வாழும் புழுக்களுக்குள்ளும் இக்கிருமியைக் கண்டிருக்கிறார்கள். ஆளரவமற்ற அண்டார்க்டிக் கடலின் சீல்களின் இரத்தத்திலும் இதன் அடையாளம் தென்பட்டது. மாட்டுத் தொழுவமே இல்லாத கண்டம் அது!

இதில் வியப்பு என்னவென்றால் மாடும் திமிங்கலமும் தூரத்து உறவினர் என்பதே. இரட்டைக் குளம்புடைய விலங்குகளின் கூட்டத்திலிருந்துதான் திமிங்கலங்களின் முன்னோர் கடலுக்குள் இறங்கினர். இதற்குப் பெரிய சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. காஷ்மீரத்துக் கலாகோட் பகுதியின் பாறைகளில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியல் அறிஞர் கண்டெடுத்துப் பெயரிட்ட விலங்கு இந்தோஹையஸ். அது சிறு மான் போன்றது. அவர் சேகரித்த பாறைகளிலிருந்து வெளிவந்த எலும்புகளை ஆராய்ந்த தேவிசன் என்பவரின் குழு, அதன் காதெலும்பு திமிங்கலத்தினுடையதைப் போலவே இருப்பதை 2007-இல் வெளியிட்டது. ஓங்கிலும் மூச்சு விடக் கடல்மட்டத்திற்கு வருகிறது, ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமக்கிறது, குட்டிக்குப் பாலூட்டுகிறது. நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியாவை நம் முன்னோர் கடற்பசு என்று அழைத்தது எவ்வளவு பொருத்தம்! (ஆவுளியா ஓங்கிலின் இனம் அன்று, யானைக்குத்தான் அது நெருங்கிய உறவு, ஆயினும் அதுவும் பாலூட்டும் தாயே.) அதைக் காக்கத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்திருக்கிறது.

கடற்புரூசெல்லா மனிதரையும் தாக்கியதுண்டு. ஆனால் மிக அரிதாக. இங்கிலாந்தில் ஆய்வுக்கூட ஊழியர் ஒருவருக்கு வந்ததை 1999-இலும், பெரு நாட்டில் இருவருக்கு மூளையைத் தாக்கியதை 2003-இலும், நியூசிலாந்தில் ஒருவருக்கு முதுகெலும்பைத் தாக்கியதை 2006-இலும் மருத்துவ ஏடுகள் வெளியிட்டன. எனவே நாம் அஞ்ச வேண்டியதில்லை. கவனமாக இருந்தால் போதும்.

நம் கரையில்

நம் திருவள்ளூர் மாவட்டத்திற்கும் கடற்கரை உண்டு. பழவேற்காட்டிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் உறவினர் உள்ள தோழியர் நம் பள்ளியில் இருக்கிறார்கள். கரையில் ஓங்கில் ஒதுங்கினால் கூட்டம் கூடுவதும், பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுவதும் அவர்கள் கண்ட காட்சி.

தெற்கே மணப்பாடு பெரிய நிகழ்ச்சிகளைக் கண்ட ஊர். திருச்சிலுவை ஆலயத்தால் பெயர்பெற்ற அந்த மீனவ ஊரின் கரையில் 1973-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், பொங்கலன்று, 147 பைலட் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரையேறின. மீண்டும் 2016 ஜனவரியில் மணப்பாட்டுக்கும் கல்லாமொழிக்கும் இடைப்பட்ட கரையில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர்கள் இரவு பகலாக அவற்றைக் கடலுக்குள் தள்ளினர். தள்ளியவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின. இத்திமிங்கலங்கள் உறவுக் கூட்டமாக வாழ்பவை. ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை. அவை புரூசெல்லாவால்தான் கரையேறின என்று நான் சொல்ல வரவில்லை. கரையேறுவதற்கு நோய், காயம், கடலடி ஒலி, ஆழமற்ற கரை என்று பல காரணங்கள் உண்டு. எந்தக் காரணம் என்று அறிய இறந்த உடலை அறிஞர்கள் ஆராய வேண்டும். ஸ்காட்லாந்தில் அப்படி ஆராய்ந்ததால்தான் கடற்புரூசெல்லாவே வெளிச்சத்திற்கு வந்தது. ஆதலால் கரையில் ஓங்கிலோ திமிங்கலமோ ஒதுங்கினால் தொடாமல் வனத்துறைக்குச் செய்தி சொல்வது நமக்கும் நல்லது, அறிவியலுக்கும் நல்லது. இவ்விலங்குகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை என்பதையும் மறக்கக் கூடாது.

செவலையை என்ன செய்தோம்?

செவலையின் இரத்தத்திலும் நோய் உறுதியான மறுநாளே ஒரு மாட்டுத் தரகர் வந்தார். "ஊருக்குள்ளே சேதி பரவறதுக்குள்ளே கொடுத்துடுங்க, நல்ல விலை வாங்கித் தர்றேன்" என்றார். வீட்டில் மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடன் இருந்தது. பார்ப்பதற்கு செவலை கொழுகொழுவென்று இருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா விற்றுவிடலாம் என்றார். அவர்மீது தவறில்லை, கடன்காரருக்குப் பதில் சொல்பவர் அவர்தான். அப்பா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நமக்கு இதை வித்தவன் தெரிஞ்சு வித்தானோ தெரியாம வித்தானோ, அது அவன் கணக்கு. நாம தெரிஞ்சு வித்தா அது நம்ம கணக்கு. இன்னொரு வீட்டுல ஒருத்தன் நாலு மாசம் இப்படிப் படுக்கணுமா?"

தரகர் வெறுங்கையோடு போனார். செவலை இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கொல்லையின் மறுகோடியில் தனிக் கொட்டகை, தனித் தொட்டி. இனி அதைச் சினைப்படுத்துவதில்லை. கடனை அம்மா மாதாமாதம் அடைத்து வருகிறார். அப்பா மருந்தை ஆறு வாரமும் ஒருநாள் தவறாமல் சாப்பிட்டு, இப்போது பழையபடி காலை ரயிலுக்கு ஓடுகிறார். கறந்த சூட்டோடு நுரைப்பால் குடிக்கும் பழக்கமுடைய என் தம்பியின் இரத்தத்தையும் சோதித்தார்கள். கர்த்தர் கிருபையால் அவனுக்கு ஒன்றுமில்லை.

தடுக்கும் முறைகள்

டாக்டர் அம்மா சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறேன். மாடு வளர்க்கும் வீட்டுப் பெற்றோர் இப்பகுதியை அவசியம் படிக்க வேண்டுகிறேன்.

1. பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. 72 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 15 விநாடி இருந்தாலே இக்கிருமி மடிந்துவிடும். பால் பண்ணைகளில் செய்வது இதுவே. நம் வீட்டு அடுப்பில் பால் பொங்கும்போது வெப்பம் அதைவிட அதிகம்.

2. நான்கு மாதத்திலிருந்து எட்டு மாதத்திற்குள் கிடேரிக் கன்றுகளுக்கு ஒருமுறை கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போட வேண்டும். 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இது இலவசமாகப் போடப்படுகிறது. காளைக் கன்றுக்குப் போடக் கூடாது. எஸ்-19 என்னும் இந்தத் தடுப்பூசி வந்த கதையும் சுவையானது. 1923-இல் ஜான் பக் என்பவர் ஒரு பசுவின் பாலிலிருந்து எடுத்த கிருமியை ஆய்வுக்கூடத்தில் ஓராண்டுக்கு மேல் வெளியிலேயே விட்டுவிட்டார். அது கொடுமை குறைந்து, நோயைத் தராமல் காப்பை மட்டும் தரும் கிருமியாக மாறியிருந்தது!

3. மாடு கன்று வீசினால் வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறை இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிப் பெண்களும் குழந்தைகளும் அப்பக்கமே போகக் கூடாது.

4. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். ஏரியிலோ குப்பையிலோ போட்டால் நாய்கள் இழுத்துச் சென்று ஊரெங்கும் பரப்பும். எங்கள் வீட்டில் இதைச் சரியாகச் செய்யவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

5. புதிதாக மாடு வாங்கினால் முதலில் இரத்தச் சோதனை செய்து, அதன் முடிவு வரும்வரை தனியே கட்ட வேண்டும்.

6. நோயுள்ள மாட்டை மறைத்து விற்கக் கூடாது.

7. விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போனால், வீட்டில் மாடு, ஆடு இருப்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அப்பா மூன்று மாதம் துன்பப்பட்டிருக்க மாட்டார்.

இவற்றையெல்லாம் கட்டுப்பாட்டோடு செய்து ஆஸ்திரேலியா 1989-இல் மாட்டுப் புரூசெல்லாவை அறவே ஒழித்தது. முயன்றால் நம்மாலும் முடியும்.

முடிவுரை

எங்கள் ஆயா எலுமிச்சம்பழத்தை இன்னும் மாதம் ஒருமுறை மாற்றிக் கட்டுகிறார். நான் தடுப்பதில்லை. ஆனால் சென்ற மாதம் தெருவில் கால்நடை மருந்தகத்தார் ஊசி போட வந்தபோது, "ஊசி போட்டா கன்னு இளைச்சிடும்" என்று தயங்கிய பக்கத்து வீட்டு அத்தையிடம் ஆயாவே போய், "எம் புள்ள பட்ட பாட்டைப் பார்த்தியே, மொதல்ல புடிச்சுக் கட்டு கன்னை" என்றார். அன்று எங்கள் தெருவில் ஐந்து கிடேரிக் கன்றுகளுக்கு ஊசி போடப்பட்டது.

மனிதருக்கு ஒரு மருத்துவம், மாட்டுக்கு ஒரு மருத்துவம், கடலுக்கு ஒரு விஞ்ஞானம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். கிருமிக்கு அந்தப் பிரிவு தெரியாது. ஆட்டையும் மாட்டையும் சேர்த்துப் பார்த்த ஆலிஸ் ஈவான்ஸ் உண்மையைக் கண்டார். மாட்டையும் திமிங்கலத்தையும் சேர்த்துப் பார்க்கும் அடுத்த பெண் நம் வகுப்பிலிருந்து ஏன் வரக் கூடாது? டாக்டர் அம்மா வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். திருநின்றவூரிலிருந்து அது ஒரு ரயில் பயண தூரம்தான் என்று அவர் என்னிடம் சொன்னார். அந்த ரயிலில் ஏற வேண்டும் என்பதே என் ஆசை.